ஞாயிற்றுக்கிழமை தறி நிற்காது: ஆரணி நுரையீரல் முகாமும் மூன்று பயணங்களும்

போன வருஷம் மார்ச்சில் இதே வலைப்பதிவில் ஆரணி நுரையீரல் முகாமைப் பற்றி எழுதியிருந்தேன். "இலவசமாக் குடுத்தாலும் நம்ம ஜனங்க வர மாட்டாங்க" என்று முடித்திருந்தேன். பின்னூட்டத்தில் நிறையப் பேர் ஆமாம் சாமி போட்டீர்கள். நான் எழுதியது பொய். தெரியாமல் எழுதினேன் என்பதால் அது உண்மையாகிவிடாது. அந்தப் பதிவை அழிக்கவில்லை, என் லட்சணம் ஊருக்குத் தெரியட்டும். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் ஊரில் இப்படி ஒரு முகாம் போடக் கிளம்புகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். கோயில் விவரம் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும், இந்த முறை சுவாமி தரிசனம் கிடையாது.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். சொந்த ஊர் ஆரணிப் பக்கம் தேசூர். லீவு கிடைத்தால் பஸ் ஏறி ஊர் சுற்றி எழுதுவேன். ஒரு அறக்கட்டளை (பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்) நுரையீரல் புற்றுநோயை முற்றும் முன்னே கண்டுபிடிக்க ஆரணியில் முகாம் போட நினைத்தது. வண்டியும் எக்ஸ்ரே மெஷினும் அவர்களுடையது. படம் எடுக்க என்னைக் கேட்டார்கள். "உங்களுக்குத்தான் அந்தப் பக்கம் தெரியுமே, முன்னாடி போய் இடம், நாள், ஆள் எல்லாம் பார்த்துட்டு வாங்க" என்றார் அவர்களுடைய ஒருங்கிணைப்பாளர். அப்படித்தான் 2006 பொங்கல் முடிந்த வாரத்தில் முதல் பயணம்.

கோயம்பேட்டில் காலை 5.40 பஸ். காஞ்சிபுரம், செய்யாறு வழி, சுமார் 140 கிலோமீட்டர், நாலு மணி நேரம், டிக்கெட் 46 ரூபாய். செய்யாறில் பத்து நிமிஷம் நிற்கும், டீ குடிப்பதானால் அங்கேயே குடித்துவிடுங்கள். ரயிலில் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆரணி ரோடு என்று பெயர் வைத்த ஸ்டேஷன் ஆரணியில் இல்லை, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் களம்பூரில் இருக்கிறது. 9.45க்கு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் பாஷா பாயின் ஆட்டோ கிடைத்தது. நாள் முழுக்க 350 ரூபாய். "எங்க வேணா இட்டுகினு போறேன் மேடம், ஒண்ணேகாலுக்கு மட்டும் தொழுகைக்கு அரை மணி நேரம் வுட்டுடணும்" என்றார். சரி என்றேன்.

கையில் அறக்கட்டளை கொடுத்த படிவம் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல், இருபது வருஷத்துக்குக் குறையாமல் பீடியோ சிகரெட்டோ பிடித்தவர். அவர்களுக்குத்தான் எக்ஸ்ரே. இதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு நாளைக்கு எண்பது படத்துக்கு மேல் எடுக்க முடியாது, அதனால் யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களை முதலில் எடுப்பதுதான் முறை. ஆனால் அந்த ஊரில் யாருக்கு ஆபத்து என்று அந்த ஊரைப் பார்க்காமலே எழுதிவிட்டார்களே, அங்கேதான் கோளாறு.

நெசவுத் தெருக்களில் பதினொரு மணி வரை சுற்றினேன். பீடிக்காரர்கள் நிறையக் கிடைத்தார்கள், குறித்துக்கொண்டேன். பிறகு பாய் ஒரு சாயப்பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினார். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, அப்புறம் சாயத் தண்ணீரில் முக்கி எடுக்கிற இடம். அண்டாவுக்கு அடியில் உமி அடுப்பு. புகைபோக்கி கிடையாது. உள்ளே போன இரண்டாவது நிமிஷம் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தலையையும் வாயையும் துண்டால் சுற்றிக்கொண்டு ஒரு அம்மா அடுப்பில் உமி தள்ளிக்கொண்டிருந்தார். கை முழங்கை வரை கருநீலம். பெயர் அஞ்சலா, வயது நாற்பத்து மூன்று. பக்கத்து அண்டாவில் நூலைத் திருப்பிக்கொண்டிருந்தவர் அவர் கணவர் கோவிந்தசாமி.

"பீடி பழக்கம் உண்டா?" என்று கோவிந்தசாமியைத்தான் கேட்டேன். "அவரு வெத்தலகூட போட மாட்டாரு" என்று அஞ்சலா பதில் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் இருமினார். எத்தனை நாளாக என்றேன்.

"ஆயுத பூசைக்கு முன்னாடி புடிச்சதுங்க. சளி டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னாங்க. இருந்தாலும் டிபியாதான் இருக்கும்னு ஒரு டாக்டரு மாத்திரை குடுத்தாரு. மூணு மாசமா துன்னுகினு இருக்கறேன், கொறையல."

"இந்தப் புகையில எத்தனை வருஷமா நிக்கிறீங்க?"

"கல்யாணம் ஆயி வந்ததுல இருந்து. இருவத்திரெண்டு வருஷம். நீங்க பீடியக் கேக்கறீங்களே மேடம், இதக் கேக்க மாட்டீங்களா?"

கேட்க வேண்டிய கேள்வியை அவர்தான் கேட்டார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. முகாமுக்குக் கட்டாயம் வாருங்கள், உங்களுக்கு நானே படம் எடுக்கிறேன் என்றேன். எந்தக் கிழமை என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும் என்றதும் கோவிந்தசாமி தலையை ஆட்டினார்.

"எங்களுக்கு ஞாயித்துக்கெழமை ஏதுங்க? அமாவாசைக்கு அமாவாசைதான் தறி நிக்கும், பட்டறையும் நிக்கும். அன்னிக்கி வெச்சீங்கன்னா தெருவே வரும்."

தேசூரில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். பதினைந்து வருஷம் சென்னையில் மாதச் சம்பளம் வாங்கியதில் மறந்துபோயிருந்தது. நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

பாய் தொழுதுவிட்டு வந்ததும் களம்பூர் போனோம். அரிசி மில்களில் நெல் அவிக்கிற இடத்திலும் இதே உமிதான் எரிகிறது. களத்தில் நெல் கிண்டுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மூக்கில் தூசி படிந்திருந்தது. ஒருவர்கூடப் படிவத்தில் அடங்க மாட்டார். "எல்லாரும் இருமிகினுதான் இருப்பாங்க மேடம், இங்க அதுக்குப் பேரு சீக்கு இல்ல, வேல" என்றார் பாஷா பாய். ஆறு மணி பஸ்ஸில் சென்னை திரும்பினேன்.

இரண்டு பக்கம் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். முகாமை அமாவாசையில் வையுங்கள். பீடி சிகரெட்டோடு அடுப்புப் புகை, ஆலைப் புகை, தூசி எத்தனை வருஷம் என்றும் கேளுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் வயது பார்க்காமல் எடுங்கள். மூன்றே விஷயம். ஒருங்கிணைப்பாளர் படித்துவிட்டு, "அமாவாசையில முகாமா? ஆஸ்பத்திரி விஷயத்துக்கு எவன்மா அன்னிக்கு வருவான்?" என்றார். எங்கள் பக்கம் நிறைந்த அமாவாசை என்று சொல்லி நல்ல காரியமே தொடங்குவார்கள் சார் என்றேன். "சீஃப் கெஸ்ட்டுக்கு ஞாயிறுதான் தோது. படிவமும் அச்சடிச்சாச்சு" என்றார். அச்சடித்த தாள் வீணாகக் கூடாது, மனுஷன் வீணானால் பரவாயில்லை. அன்றைக்கே நான் வர மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாட்டேன் என்றால் வேறு யாரையாவது அனுப்புவார்கள், நாம் போனால் நாலு பேருக்காவது ஒழுங்காகச் செய்யலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு. இரண்டாவது பயணம் எக்ஸ்ரே வண்டியிலேயே, எனக்குச் செலவில்லை. காலை 4.30க்குப் புறப்பட்டு எட்டரைக்கு ஆரணி. ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். பந்தல், மாலை, மைக். சீஃப் கெஸ்ட் வந்து புகையிலையின் தீமை பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். அவர் பேச்சுக்கு நடுவே ஜன்னல் வழியாகத் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தெரு முழுக்க வேலை நடந்துகொண்டிருந்தது. முகாமில் இருந்தவர்கள் கடைக்காரர்கள், ரிட்டயர்டு ஆசிரியர்கள், சீஃப் கெஸ்ட்டைப் பார்க்க வந்த வெள்ளைச் சட்டைகள். அதில் பீடிக்காரர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அறுபத்தேழு பேருக்குப் படம் எடுத்தேன்.

மதியம் ஒரு மணிக்குப் பதிவு மேசையில் இருந்தவர்கள் பிரியாணிக்குப் போய்விட்டார்கள். எக்ஸ்ரே மெஷினையும் கொஞ்சம் ஆறவிட வேண்டியிருந்தது. "அரை மணி நேரம் மேசையப் பார்த்துக்கம்மா" என்றார்கள். உட்கார்ந்தேன். வேலை சுலபம். வயசு, பீடி சிகரெட், எத்தனை வருஷம். சரியாக வந்தால் பெயர் எழுதிப் படிவம். இல்லையென்றால் பெயர்கூட எழுத வேண்டாம், ஒரு சீட்டில் 'தேவையில்லை' என்று முத்திரை குத்தி, விழிப்புணர்வுத் துண்டுப் பிரசுரத்தோடு கொடுத்து அனுப்ப வேண்டும். வரிசையில் முப்பது பேராவது நின்றார்கள். பசி வேறு. தலை நிமிராமல் கேட்டேன், தலை நிமிராமல் குத்தினேன். அறக்கட்டளையின் போட்டோக்காரர் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டியைக் கட்டும்போது அஞ்சலா ஞாபகம் வந்தது. படிவங்களைப் புரட்டினேன், பெயர் இல்லை. இவ்வளவு தூரம் சொல்லியும் வரவில்லையே என்று அவர்மேல்தான் கோபம் வந்தது. பட்டறை கூப்பிடு தூரம்தான். போய்ப் பார்த்திருக்கலாம். வண்டியில் ஏறி உட்கார்ந்தேன், வீட்டுக்கு வந்தேன், அந்தப் பதிவை எழுதினேன்.

மூன்றாவது பயணம் ஆடி அமாவாசை அன்று. சித்தி மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போனேன். அன்றைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் கவனம், மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் எல்லா பஸ்ஸிலும் தொங்கும். காலை 5.40 பஸ் ஆரணி சேரப் பத்தரை ஆகிவிட்டது. தெருவுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். தறிச்சத்தமே இல்லை. வீட்டு வாசலில் எல்லாம் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சலூனில் கூட்டம். ஒரு மேசை போட்டால் தெருவே வந்து வரிசையில் நிற்கும். கோவிந்தசாமி சொன்னது அப்படியே கண்முன்னால் இருந்தது.

புடவைக் கடைக்குப் போகாமல் அஞ்சலா வீட்டை விசாரித்துப் போனேன். தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. என் புத்தியைப் பாருங்கள், நான் வாயெடுத்ததே அதட்டலாகத்தான். "முகாமுக்கு வாங்கன்னு சொன்னேனே, ஏம்மா வரல?"

"வந்தேனுங்களே" என்றார்.

பட்டறையில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். சாயக் கையோடு வரக் கூடாது என்று பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மேசைக்கு வரும்போது மணி ஒன்றேகால்.

"நீங்கதான் உக்காந்துகினு இருந்தீங்க. பீடி உண்டான்னு கேட்டீங்க. இல்லன்னேன். குத்திக் குடுத்துட்டீங்க."

"நான்தான்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"பின்னால ஆளுங்க நின்னுகினு இருந்தாங்க. அதுவுமில்லாம, எல்லாம் தெரிஞ்ச நீங்களே தேவையில்லன்னு குத்திட்டீங்கன்னா எனக்கு ஒண்ணும் இல்லன்னுதானுங்களே அர்த்தம்? சந்தோசமாதான் வூட்டுக்கு வந்தேன். அன்னியோட மாத்திரைய நிறுத்திட்டேன், டாக்டராண்ட போறதையும் நிறுத்திட்டேன்."

கோவிந்தசாமி அந்தச் சீட்டை எடுத்துவந்து காட்டினார். பத்திரமாக வைத்திருந்தார்கள். எங்கள் மொழியில் 'தேவையில்லை' என்றால் எங்கள் விதியில் நீ அடங்கவில்லை என்று அர்த்தம். அவருக்கு அது உனக்கு நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்த சர்ட்டிபிகேட். முகாமே போடாமல் இருந்திருந்தால் அவர் டாக்டரை விட்டிருக்க மாட்டார். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

பாஷா பாய்க்குப் போன் செய்தேன். "ஆட்டோல இந்தம்மாவ வேலூர் வரைக்கும் குலுக்கினு போனா பேஜாராயிடும் மேடம்" என்று தெரிந்தவர் காரை அனுப்பினார். நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 700 ரூபாய். எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினைந்து வருஷமாகப் பார்க்கிற கண். வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை. ஸ்கேன் 3,200 ரூபாய், அப்புறம் நுரையீரலைச் சுற்றிக் கோத்திருந்த தண்ணீரை எடுத்துச் சோதனை. ஒரு வாரம் கழித்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் புற்றுநோய்தான் என்றார். மார்ச்சில் படம் எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். "தெரிஞ்சிருக்கலாம். தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அப்போ பேசறதுக்கு இன்னும் கொஞ்சம் வழி இருந்திருக்கும்" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார்.

கீமோ தொடங்கினார்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு அஞ்சலாவே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்காண்டி அலைஞ்சது போதும். அடுப்பாண்ட நிக்கறவங்க பதினோரு பேரு இருக்கறாங்க, அவுங்கள மொதல்ல பாருங்க." ஆவணி அமாவாசையில் லீவு போட்டுப் போனேன். பதினோரு பேரையும் பாய் இரண்டு நடையாக ஊரிலேயே ஒரு எக்ஸ்ரே நிலையத்துக்குக் கொண்டுவந்தார். பந்தல் இல்லை, மைக் இல்லை. பத்துப் பேருக்குக் கவலைப்படும்படி எதுவும் தெரியவில்லை, ஒருவருக்கு மட்டும் டிபி, அதுவும் சளியில் உறுதியாகி மாத்திரையில் தேறிவிட்டார். பத்துப் பேருக்கும் ஒருவர் விடாமல் சொன்னேன்: படம் நல்லா இருக்குன்னா நோயே வராதுன்னு அர்த்தம் இல்ல, எக்ஸ்ரேல சின்னது தெரியாது, இருமல் நின்னாலும் நிக்கலன்னாலும் மறுபடி வாங்க. ஒரு நாளில் முடிந்த வேலை. இதற்குத்தான் சீஃப் கெஸ்ட்டின் தோதுக்குக் காத்திருந்தோம்.

அஞ்சலா தை மாதம் இறந்துபோனார். பட்டறை முதலாளி அதற்கப்புறம்தான் கூரையைப் பிரித்துத் தகரத்தில் புகைபோக்கி வைத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இருந்தாலும் வைத்தார், என் கண்ணால் பார்த்தேன்.

முகாம் போடக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆரணிப் பக்கம் என்றால் அமாவாசை, களம்பூர் மில் என்றால் மில்லுக்கே போங்கள், அவர்களை வரச் சொல்லாதீர்கள். பீடியை விடச் சொல்லுங்கள், ஆயிரம் தடவை சொல்லுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் புகையில் நிற்கிறாய், எத்தனை வருஷமாக என்று பெண்களைக் கேளுங்கள். டிபி மாத்திரை சாப்பிட்டும் இருமல் குறையாதவரை வரிசையில் முதலில் நிறுத்துங்கள். எக்ஸ்ரே பத்தாது என்று தோன்றினால் வேலூரில் ஸ்கேனுக்கு அனுப்ப வண்டிச் செலவையும் முன்கூட்டியே எடுத்துவையுங்கள். எடுக்க முடியாது என்று யாரையாவது திருப்பி அனுப்பினால், ஏன் என்றும் எங்கே போக வேண்டும் என்றும் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். முத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

போன மாதம் அறக்கட்டளையின் ஆண்டறிக்கை தபாலில் வந்தது. வழவழ தாள். ஆரணி முகாமுக்கு ஒரு பக்கம் முழுக்க. நடுவில் பெரிய படம்: நல்ல புடவை கட்டிக்கொண்டு, துண்டுப் பிரசுரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சிரிக்கிறார் அஞ்சலா. கீழே 'முகாமில் பயனடைந்தவர்களில் ஒருவர்' என்று போட்டிருந்தது. படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. இதைக் காட்டிச் சண்டை போட கோவிந்தசாமியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அடுத்த பஸ்ஸிலேயே ஆரணிக்குப் போனேன்.

அவர் வெகு நேரம் படத்தைப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததைப் படித்தாரா என்று தெரியவில்லை. "இத எனக்குக் குடுத்துடறீங்களா? அவ சிரிக்கற படம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. பிரேம் போட்டுக்கறேன்" என்றார்.

கத்தரிக்கோல் வாங்கி முதலில் அந்த எழுத்தை வெட்டினேன். படத்தின் ஓரத்தில், பிரசுரத்தை நீட்டியபடி மேசையிலிருந்து ஒரு கை மட்டும் வந்திருந்தது. அதையும் வெட்டப் போனேன்.

"அது இருக்கட்டுங்க" என்றார். "அத வெட்டினா அவ வெரலு போயிடும்."

அது யாருடைய கை என்று அவருக்குத் தெரியும்.